பின்சக்கர அலைன்மென்ட்: மாற்றியமைத்த சிறு கார்களும் கொல்லிமலைச் சாலையும்

பின்சக்கர அலைன்மென்ட் என்பது காரின் பின்சக்கரங்கள் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டை ஒட்டியும் சாலைப் பரப்பை ஒட்டியும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று அளந்து, அவற்றை உரிய அளவுக்குக் கொண்டுவரும் வேலையாகும். அலைன்மென்ட் என்றதும் பெரும்பாலோர் முன்சக்கரங்களையே நினைக்கிறார்கள். ஸ்டீரிங் முன்சக்கரங்களோடு இணைந்திருப்பதும், பட்டறைகளில் திருத்தம் பெரும்பாலும் முன்பக்கத்தில் மட்டுமே நடப்பதும் அதற்குக் காரணம். ஆனால் ஒரு கார் எந்தக் கோட்டில் நேராக ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவை பின்சக்கரங்களே. அவை சற்றே வலப்பக்கம் நோக்கி நின்றால், முன்சக்கரங்களை எவ்வளவு துல்லியமாகச் சரிசெய்தாலும் ஓட்டுநர் ஸ்டீரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போக வேண்டியிருக்கும். ஆகவே நான்கு சக்கரங்களையும் சரிசெய்யும்போது பின்பக்கத்தை முதலிலும் முன்பக்கத்தை அடுத்தும் செய்வதே முறை.

சமவெளியில் இந்தப் பிழை டயர்த் தேய்மானமாகவும் சிறு எரிச்சலாகவும் மட்டுமே தெரியும். மலையிறக்கத்தில் அதன் தன்மை மாறிவிடுகிறது. உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ, அகலமான சக்கரம் பூட்டியோ மாற்றியமைத்த வண்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

கொல்லிமலைச் சாலை

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கும் கொல்லிமலை, ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் கொண்டது. சேந்தமங்கலம் வழியாக வந்து அடிவாரமான காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சோளக்காடு, செம்மேடு போன்ற ஊர்களை அடைகிறது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகும் சுற்றுலாக் கார்கள், பலாவும் வாழையும் மிளகும் ஏற்றிய சரக்கு வண்டிகள், பேருந்துகள் எல்லாம் ஓடுவது இந்தப் பாதையில்தான்.

வாகனவியல் நோக்கில் இந்தச் சாலையின் தனித்தன்மை வேகம் அன்று. வளைவுகள் மிக இறுக்கமானவை. ஒன்று வலமாகத் திரும்பினால் அடுத்தது இடமாகத் திரும்பும். இறங்கும்போது பிரேக்கும் திருப்பமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழும். இறக்கத்தில் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் சாய்கிறது. சிறு கார்களில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஏற்கெனவே முன்னால் இருப்பதால், ஓட்டுநர் மட்டும் அமர்ந்த வண்டியின் பின்சக்கரங்கள் அந்த நேரத்தில் சாலையை மிக லேசாகவே அழுத்திக்கொண்டிருக்கும். டயரின் பிடிமானம் அதன்மேல் விழும் எடையைப் பொறுத்தது. இந்தக் கணத்தில் பின்சக்கரம் ஒன்று வெளிநோக்கித் திரும்பி நின்றால், வண்டியின் வால் வளைவின் வெளிப்பக்கம் நழுவத் தொடங்கும். மழை பெய்த சாலையில், இலைச்சருகின் மேல், இதற்கு அதிக வேகம் தேவையில்லை.

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் ஆண்டுக்கணக்கில் குறையில்லாமல் ஓடிய வண்டி, மலையிறங்கும்போது மட்டும் "வால் ஆடுகிறது" என்ற புகாரோடு பட்டறைக்கு வருவது இதனால்தான்.

மூன்று கோணங்களும் ஒரு கோடும்

பின்சக்கரத்தில் பார்க்க வேண்டிய முதல் அளவு டோ. மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் அது டோ-இன். விலகி நின்றால் டோ-அவுட். இரண்டாவது கேம்பர். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலைப்பகுதி வண்டிக்குள் சாய்ந்திருந்தால் அது எதிர்மக் கேம்பர்; வெளியே சாய்ந்திருந்தால் நேர்மக் கேம்பர். மூன்றாவது அளவு தரஸ்ட் கோணம். இடது, வலது பின்சக்கரங்கள் காட்டும் திசைகளின் சராசரிக் கோடு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அது. முன்சக்கரங்களில் முக்கியமான கேஸ்டர் கோணத்துக்குப் பின்னால் வேலை இல்லை.

முன்சக்கர இயக்கம் கொண்ட பெரும்பாலான சிறு கார்களில் பின்சக்கரங்களுக்கு நேர்நிலையோ, மிகச் சிறிய டோ-இன் நிலையோதான் விதிக்கப்பட்டிருக்கும். சரியான எண்ணுக்கு அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்; பக்கத்து வண்டியின் அளவு உதவாது.

டோவின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 12 அங்குல ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு குறுக்களவு ஏறக்குறைய 330 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் 1 மி.மீ. மட்டும் வேறுபட்டால், கோணம் 0.17 பாகை. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் 330 மி.மீ. ஓட்டத்துக்கு 1 மி.மீ. பக்கவாட்டு இழுப்பு என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 3 மீட்டர். அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 3 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

பின்பக்கத்தின் அமைப்பு

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பது பின்சஸ்பென்ஷனின் அமைப்பைப் பொறுத்தது. தமிழகச் சாலைகளில் அதிகம் தென்படும் சிறு கார்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஒற்றைத் தண்டு ஆக்சில். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800, அதன் வழியில் வந்த ஆல்ட்டோ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. 800இன் தொடக்க கால மாடலைத் தவிர்த்து, பிறகு வந்தவற்றில் ஆக்சிலை இரண்டு ட்ரெய்லிங் ஆர்ம்கள் முன்பின்னாகவும், ஒரு லேட்டரல் ராடு குறுக்காகவும் பிடித்திருக்கும். எடையைச் சுருள்வில்கள் தாங்கும். டோ, கேம்பர் இரண்டும் ஆக்சிலின் உருவத்திலேயே அடங்கியவை. திருகித் திருத்த எந்தப் போல்ட்டும் கிடையாது.

இரண்டாம் வகை, முறுக்குத்தண்டு ஆக்சில். ஸ்விஃப்ட், ஐ10 போன்றவை இதில் சேரும். இரண்டு ஆர்ம்களையும் ஒரு வளையும் குறுக்குத்தண்டு இணைக்கும். இதிலும் திருத்தப் போல்ட் இல்லை. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப், பல கார்களில் நான்கு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருப்பதால் நடுவே ஷிம் வைக்க இடம் கிடைக்கிறது.

மூன்றாம் வகை, தனித்தனியே இயங்கும் செமி-ட்ரெய்லிங் ஆர்ம். 1998இல் வந்த டாடா இண்டிகாவிலும், 2009இல் வந்த டாடா நானோவிலும் இந்த அமைப்பே உள்ளது. சக்கரம் ஏறி இறங்கும்போது கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும் என்பது இதன் இயல்பு. ஆகவே வண்டியின் உயரத்தை மாற்றுபவர் அலைன்மென்ட்டையும் மாற்றிவிடுகிறார், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

நான்கு சக்கரங்களையும் அளக்கும் கணினி இயந்திரத்தில் வண்டியை ஏற்றினால், பின்பக்க எண் சில நேரம் சிவப்பில் வரும். "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அதை "பின்னாடி பிழை கிடையாது" என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது. திருத்தப் போல்ட் இல்லாத ஆக்சில் தொழிற்சாலையிலிருந்து சரியான அளவோடுதான் வந்தது. இன்று அளவு மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். சிவப்பு எண்ணைக் கண்டால் தேட வேண்டியது அந்தப் பாகத்தை.

உயர்த்துவதும் தாழ்த்துவதும்

கார் மாற்றம் என்றால் வண்டியைத் தாழ்த்துவது என்றே நகரத்து இளைஞர்கள் எண்ணுகிறார்கள். மலைப்பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கல்லும் பள்ளமும் அடியில் இடிக்காமல் இருக்கச் சுருள்வில்லுக்கு அடியில் தடித்த வளையம் வைப்பது, சுருள்களுக்கு இடையே ரப்பர் கட்டையைச் செருகுவது, கனமான வில்லை மாட்டுவது ஆகியவையே வழக்கம். பின்னால் மூட்டை ஏற்றினால் வண்டி அமுங்கக்கூடாது என்பதும் ஒரு காரணம். நோக்கம் நியாயமானதே. விளைவைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

ட்ரெய்லிங் ஆர்ம்மின் முன்முனை உடலிலும் பின்முனை ஆக்சிலிலும் பூட்டப்பட்டிருக்கிறது. உடலை உயர்த்தினால் முன்முனை மேலே போகிறது. ஆர்ம் பின்னோக்கிக் கீழே சரிந்து நிற்கிறது. இந்த நிலையில் வண்டி ஒரு வளைவில் சாயும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உடலை நோக்கி மேலேறும். அப்போது ஆர்ம் கிடைமட்டத்தை நெருங்குவதால் அந்தச் சக்கரம் சற்றுப் பின்னே தள்ளப்படும். உட்பக்கச் சக்கரம் கீழிறங்கி, சற்று முன்னே வரும். ஒரு பக்கம் பின்னும் மறுபக்கம் முன்னும் போனால், ஆக்சில் முழுவதும் திரும்பிவிடுகிறது. எந்தப் பக்கம்? வளைவின் வெளிப்பக்கம். ஓட்டுநர் ஸ்டீரிங்கை மேலும் திருப்பாமலே வண்டியின் வால் வெளியே போகத் தலைப்படும். நின்ற நிலையில் எடுத்த அலைன்மென்ட் தாளில் இது தெரியவே தெரியாது. அதில் எல்லா எண்களும் பச்சையாகவே இருக்கும்.

தாழ்த்திய வண்டியில் ஆர்ம்மின் சரிவு எதிர்ப்பக்கம் போவதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வால் அடக்கமாக இருக்கும். அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. சக்கரம் மேலேற இடம் குறைவதால் பள்ளத்தில் ஆக்சில் உடலில் மோதும். மோதும் கணத்தில் அந்தப் பக்கத்துப் பிடிமானம் திடீரெனக் குறையும். லேட்டரல் ராடின் சரிவு மாறுவதால் ஆக்சில் பக்கவாட்டில் நகரும். 800 மி.மீ. நீள ராடு ஒன்று முன்பே 60 மி.மீ. சரிந்து நின்று, மாற்றத்தால் 100 மி.மீ. சரிவுக்கு வந்தால், ஆக்சில் ஏறக்குறைய 4 மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கும். இது தரஸ்ட் கோணப் பிழை அன்று, வெறும் ஒதுக்கம்தான். ஆனாலும் அளக்கும்போது ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் குழம்ப இடமுண்டு.

இண்டிகா, நானோ வகையில் தாழ்த்துவதால் பின்சக்கரங்களின் தலை உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதிது போலத் தெரியும் என்பதால் கம்பி வெளியே வரும்வரை பலர் கவனிப்பதில்லை.

சில வண்டிகளில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை, ஆக்சிலுக்கும் உடலுக்கும் இடையிலான தூரத்தைக் கொண்டு முறைப்படுத்தும் வால்வு ஒன்று இருக்கும். உடலை உயர்த்தினால் அது வண்டியில் சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளும். தாழ்த்தினால் நிறையச் சரக்கு இருப்பதாக எடுத்துக்கொண்டு, வெற்று வண்டியின் பின்சக்கரங்களுக்கு அதிக பிரேக் அனுப்பிவிடும். உயரத்தை மாற்றியவர் இந்த வால்வையும் கையேட்டின்படி அமைக்க வேண்டும்.

சட்டத்தின் நிலை இதில் தெளிவானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. தேய்ந்த பாகத்தை மாற்றி அலைன்மென்ட்டை மூல அளவுக்குக் கொண்டுவருவது பழுதுநீக்கமே. அதற்கு இந்தத் தடை இல்லை.

நூல் கட்டி அளத்தல்

நாமக்கல், லாரித் தொழிலுக்கும் லாரிகளுக்கு உடல் கட்டும் பட்டறைகளுக்கும் பேர்பெற்ற ஊர். நீளமான சேசியில் ஆக்சில் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கும் முறை அத்தகைய பட்டறைகளுக்குப் புதிதன்று. சிறு காருக்கும் அதே முறை பொருந்தும். நான்கு சக்கர இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் நூல்முறையைத் தெரிந்துகொண்டால் இயந்திரம் தரும் தாளைப் படிக்கவும் வந்துவிடும்.

முதலில் அளக்கத் தகுதியான நிலைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும். நான்கு டயரிலும் சரியான காற்று, வழக்கமாக வண்டியில் இருக்கும் எடை, ஆட்டமில்லாத பேரிங், கிழியாத புஷ் ஆகியவை இல்லாமல் அளப்பது வீண். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். ஆர்ம்மின் புஷ்ஷைக் கடப்பாரையால் மெல்ல நெம்பினால் ரப்பர் பிரிந்திருப்பது தெரியும். அடியில் நுழையும் முன் வண்டியைத் தாங்குகட்டைகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக்கூடாது.

சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கு அடியிலும் இரண்டு வழுவழுப்பான டைல்களை, நடுவே கிரீஸ் தடவி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கியிலிருந்து இறக்கிய சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு தன் இயல்பான நிலைக்கு வராது. பிறகு உடலை நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும்.

அடுத்து, வண்டியின் அகலத்தைவிடச் சற்று நீளமான இரண்டு குழாய்களில் ஒரே இடைவெளியில் வெட்டுத்தடம் போட்டு, ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் சக்கர மைய உயரத்தில் குறுக்கே நிறுத்துவார்கள். 1,440 மி.மீ. அகலமுள்ள மாருதி 800க்கு 1,700 மி.மீ. இடைவெளி போதும். தடங்களில் நூலைக் கட்டினால் இருபுறமும் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். இடது வலது சக்கர மையங்கள் நூலிலிருந்து சமதூரத்தில் இருக்கும்வரை, முன்னும் பின்னும் குழாய்களை நகர்த்த வேண்டும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் நூலிலிருந்து தள்ளி நிற்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. 800இல் முன் சக்கர இடைவெளி 1,215 மி.மீ., பின் சக்கர இடைவெளி 1,200 மி.மீ. ஆகவே பக்கத்துக்கு 7.5 மி.மீ. வேறுபாடு அமைப்பிலேயே உள்ளது. அலாய் வீலோ ஸ்பேசரோ மாட்டிய வண்டியில் இந்த எண்ணும் மாறும்.

இனி ஒவ்வொரு பின்சக்கரத்திலும் நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ரிம்மே கோணலாக இருக்கக்கூடும். அதனால் சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றும் அளவுக்கு வண்டியை நகர்த்தி, மறுபடி டைல்மேல் நிறுத்தி, நூல்களையும் மீண்டும் அமைத்து, இரண்டாம் முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. இடது பின்சக்கரத்தில் முன்விளிம்பு 150 மி.மீ., பின்விளிம்பு 149 மி.மீ. முன்விளிம்பு நூலிலிருந்து கூடுதல் தூரத்தில், அதாவது வண்டியின் உட்பக்கமாக இருக்கிறது, 1 மி.மீ. டோ-இன். வலது சக்கரத்தில் முன்விளிம்பு 148, பின்விளிம்பு 151. இங்கே முன்விளிம்பு வெளியே நிற்கிறது; 3 மி.மீ. டோ-அவுட். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 2 மி.மீ. டோ-அவுட் என்று எழுதிவிடலாம். அதோடு நிறுத்தினால் பிழையின் பாதிதான் தெரியும். இடது சக்கரத்தின் டோ-இன் அதை வலப்பக்கம் நோக்கவைக்கிறது; வலது சக்கரத்தின் டோ-அவுட்டும் வலப்பக்கமே நோக்குகிறது. இரண்டின் சராசரி 2 மி.மீ. வலம். 330 மி.மீ. ரிம்முக்கு இது 0.35 பாகைத் தரஸ்ட் கோணம். ஸ்டீரிங் விகிதம் 18க்கு 1 என்று கொண்டால், நேர்ச்சாலையில் ஸ்டீரிங் 6 பாகைக்கு மேல் வலப்பக்கம் திரும்பியே நிற்கும். முன்பக்கத்தை மட்டும் திருத்தும் பட்டறையில் டை ராடுகளைத் திருகி ஸ்டீரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வெளித்தெரியும் அடையாளம் மறையும். வண்டி நண்டு போலச் சற்றுச் சாய்ந்து ஓடுவது தொடரும்.

இந்த 2 மி.மீ. சாய்வை நீக்கிப் பார்த்தால், இடத்திலும் வலத்திலும் மிஞ்சுவது பக்கத்துக்கு 1 மி.மீ. டோ-அவுட். ஆக, சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஆக்சில் முழுவதும் திரும்பியிருக்கலாம். அத்தோடு ஆக்சிலோ ஸ்டப்போ வளைந்தும் இருக்கலாம். முதலாவதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இருபுறமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை, முன்சக்கரங்களை நேராக வைத்து அளக்க வேண்டும். 800இன் சக்கரத்தளம் 2,175 மி.மீ. ஆக்சில் திரும்பியதுதான் காரணம் என்றால், 1,200 மி.மீ. அகலத்தில் 0.35 பாகைக்கு ஈடாக வலப்பக்கம் ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதலாக இருக்கும். இருபுறமும் சமம் என்றால் ஆக்சில் நேராகத்தான் நிற்கிறது; வலது ஸ்டப் வளைந்திருப்பதே முதல் ஊகம். பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ ஒரு முறை பலமாக மோதினால் இது நடக்கும்.

கேம்பருக்கு நூலும் தூக்குக்குண்டும் போதும். ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தால் சாய்வு கிடைக்கும். 13, 14 அங்குல ரிம்முக்கு மாறிய வண்டிகளில் மில்லிமீட்டர் கணக்கைப் பழைய ரிம்மோடு ஒப்பிடக்கூடாது. எல்லாவற்றையும் பாகையாக மாற்றிவிட்டே பேச வேண்டும்.

திருத்துதல்

ஆக்சில் திரும்பியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி புஷ்தான். இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இங்கே ஒரு நுட்பம் அடிக்கடி தவறுகிறது. வண்டி தூக்கிய நிலையில், சக்கரங்கள் தொங்கும்போதே ஆர்ம்மின் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே பற்றிக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் நிரந்தரமாக முறுகி நிற்கிறது. சில மாதங்களில் கிழிகிறது. போல்ட்டை லேசாகப் பூட்டி, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, ஓட்டும் உயரத்துக்கு வந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். உயரம் மாற்றிய வண்டியில் வில்லை மாற்றிய அன்றே இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்குவது அவசியம். இந்த வேலையைச் செய்பவர்கள் குறைவு.

வளைந்த ஆக்சிலைச் சூடேற்றி அடித்து நிமிர்த்துவதை விடப் புதியதை மாற்றுவது பாதுகாப்பு. சூடு பட்ட உருக்கு முன்பிருந்த வலிமையோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டப் போல்ட்டால் பூட்டப்பட்ட ஆக்சில்களில் சிறு பிழையைச் சாய்வான ஷிம் வைத்துத் திருத்தலாம். தேவையான தடிமன் மிகக் குறைவு. போல்ட்டுகளின் இடைவெளி 100 மி.மீ. என்றால், 0.25 பாகைக்கு ஒரு பக்கம் 0.44 மி.மீ. தடிமன் போதும். வாஷர்களை அடுக்கி இந்த வேலையைச் செய்யக்கூடாது. முகப்பு முழுவதும் படியாமல் போல்ட் தளர்ந்துவிடும். தளர்ந்தால் போவது சக்கரமே. அமைப்பில் இடமிருக்கும் செமி-ட்ரெய்லிங் வகைகளில் ஆர்ம் உடலில் பூட்டும் இடத்தில் நகர்த்தித் திருத்தலாம். ஆனால் உயரத்தை மாற்றியதால் வந்த கேம்பரை, உயரத்தைத் திரும்பக் கொண்டுவருவதே நேர்வழி.

பந்தயக் கார்களில் நிலைமை வேறு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதி போன்ற ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களில், பின்சக்கரத்தைப் பிடிக்கும் தண்டுகளின் முனைகள் மரையிட்டவை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பின் டோவைத் திருகி மாற்றலாம். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளத்தில், இறுக்கமான வளைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பப் பின்பக்கத்தில் சிறிது டோ-அவுட் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கே வால் நழுவினால் ஓடுதளத்துக்கு வெளியே இடம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வெளியே இருப்பது பள்ளத்தாக்கு. பந்தயத்தில் கேள்விப்பட்ட அளவைக் குடும்பக் காருக்கு வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

டயரும் சோதனை ஓட்டமும்

பின் டயரின் பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே தடவினால் பிழையின் திசை தெரியும். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கம் ரம்பம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. முன்சக்கர இயக்க வண்டிகளில் பின் டயர் சாய்வாகத் திட்டுத்திட்டாகத் தேய்வதும் உண்டு; அப்போது எழும் உறுமலைப் பேரிங் சத்தம் என்று எண்ணிப் பேரிங்கை மாற்றிவிடுவார்கள். டயர்களை முன்பின் மாற்றிப் பூட்டும் முன் இந்தத் தேய்மானத்தைப் படமெடுத்து வைப்பது நல்லது. மாற்றிவிட்டால் பின்பக்கத்தின் சாட்சி முன்பக்கத்துக்குப் போய்விடும்.

திருத்தியபின் முதல் ஓட்டம் மலையில் கூடாது. சமவெளியில், போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் ஓட்டி ஸ்டீரிங் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் நல்ல வண்டியும் சற்று இடப்பக்கம் ஒதுங்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அது அலைன்மென்ட் அன்று. ஒரு பக்கத்துப் பிரேக் மற்றதைவிட முன்னதாகப் பிடிக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும்.

அதன் பிறகே மலை. ஏறும்போது ஒன்றும் தெரியாது, ஏனெனில் எடை பின்னால் சாய்ந்து பின்சக்கரங்களை அழுத்திப் பிடித்திருக்கும். இறங்கும்போது, ஏறிய அதே தாழ்ந்த கியரில், வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வால் லேசாகத் தோன்றினால் தரஸ்ட் கோணமோ ஒரு பக்கப் புஷ்ஷோ இன்னும் சரியாகவில்லை. இரு பக்கமும் லேசாகத் தோன்றினால், தாளில் எண்கள் பச்சையாக இருந்தாலும், பின்வில்லுக்கு அடியில் வைத்த வளையத்தை எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.